கியர் தாறுமாறாக மாறும் பழைய ஆட்டோமேட்டிக் கார்: ஆயிலா, வால்வு பாடியா, ஓவர்ஹாலா, வேறு கியர்பாக்ஸா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது தட்டுகிறது; சில நாள் தட்டுவதே இல்லை. ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் நகர்கிறது. காரைக்குடியில் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். மூன்றாமவர், "வித்துருங்கண்ணே" என்கிறார். செட்டிநாட்டு வாசகர்கள் பலர் இந்த மூன்று யோசனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு எழுதிக் கேட்கிறார்கள்.

மூன்றுமே சரியாக இருக்கலாம். எது சரி என்பது, கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கோளாறு மூன்று இடங்களில் வரும். கம்ப்யூட்டரும் சென்சார்களும் தவறான உத்தரவு கொடுக்கலாம். உத்தரவு சரியாக வந்தும், ஆயிலை அந்தந்த கியருக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியில் அழுத்தம் போக வேண்டிய வழியில் போகாமல் இருக்கலாம். அழுத்தம் சரியாக வந்தும், தேய்ந்த கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்கலாம். முதல் இரண்டையும் கியர்பாக்ஸை இறக்காமலே சரி செய்யலாம். மூன்றாவதுக்குத்தான் பெரிய செலவு. நடைமுறையில் பல பேர் முதல் கோளாறுக்கு மூன்றாவதன் செலவைச் செய்கிறார்கள். அதைத் தடுப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் காரையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். உள்ளே இருப்பவை நான்கு வெவ்வேறு சாதனங்கள். ஒன்றின் வைத்தியம் மற்றொன்றுக்கு ஆகாது.

டார்க் கன்வெர்ட்டர் வகை. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் மூடிய பாத்திரம்தான் கன்வெர்ட்டர். 2008 முதல் 2013 வரை வந்த ஹோண்டா சிட்டி ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், பழைய கொரோலா ஆல்டிஸ் நான்கு கியர், பழைய வெர்னா, எஸ்எக்ஸ்4, சியாஸ் பெட்ரோல் எல்லாம் இந்த வகை. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வகைக்கே.

சிவிடி. 2003-ல் வந்த ஹோண்டா சிட்டி, 2014-க்குப் பிந்தைய சிட்டியும் ஆல்டிஸும். இதில் கியர் மாற்றமே கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட் ஓடுகிறது. பழைய சிட்டி சிவிடி கிளம்பும்போது நடுங்கினால், பெரும்பாலும் அதன் ஸ்டார்ட் கிளட்ச் காரணம். அந்த மாடலுக்குரிய சிவிடி ஆயிலை மாற்றி, ஸ்டார்ட் கிளட்ச் பிடிக்கும் அளவைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கும் முறையைச் செய்தாலே பல கார்களில் நடுக்கம் நின்றுவிடும். பெல்ட் புல்லியைக் கீறிவிட்டால் பழுது பார்ப்பதில் பயன் குறைவு.

ஏஎம்டி. 2014-ல் செலேரியோவில் தொடங்கியது. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு ஹைட்ராலிக் சாதனம் செய்கிறது. தட்டினால் கிளட்ச் பிளேட் தேய்வையும் ஆக்சுவேட்டர் என்ற அந்தச் சாதனத்தையும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் ஆயில் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஎஸ்ஜி. போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய லாரா போன்றவை. இரட்டைக் கிளட்ச். இதற்கு அந்த பிராண்டின் ஸ்கேனர் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், மேலே சொன்ன கோளாறின் இடம். இரண்டாவது, கார் இனி வருடத்துக்கு எவ்வளவு ஓடப் போகிறது. தினமும் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் ஓடும் காரும், பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கொட்டகையிலிருந்து வெளியே வரும் காரும் ஒன்றல்ல. மூன்றாவது, நல்ல நிலையில் அந்தக் காருக்குச் சந்தையில் என்ன விலை. பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நின்று யோசிக்க வேண்டும்.

நான்காவது, தூரம். கியர்பாக்ஸைப் பிரிக்கத் தெரிந்த ஆள் பெரும்பாலும் மதுரையிலோ திருச்சியிலோ இருப்பார். இரண்டும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போக ஒரு முறை, திரும்ப எடுக்க ஒரு முறை, கோளாறு மறுபடி வந்தால் இன்னொரு முறை. வேலை கூலியில் சேராத இந்தச் செலவை யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. ஐந்தாவது, எழுத்தில் தரும் உத்தரவாதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் பதிவு செய்து 15 வருடத்தை நெருங்கினால், மறுபதிவுக்கான தகுதிச் சோதனையும் கட்டணமும் அதே சமயத்தில் வரும். இன்சூரன்ஸ் உதவாது, தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண மோட்டார் பாலிசியில் சேராது.

## காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

இந்த வரிசை முக்கியம். மலிவானதிலிருந்து விலை அதிகமானதை நோக்கிப் போகிறது.

பேட்டரியும் எர்த்தும். நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏசியும் ஹெட்லைட்டும் போட்ட நிலையில், கியர்பாக்ஸ் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனை பூத்திருக்கிறது. கியர் மாற்றும் சாலினாய்டுகள், ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்தங்கள். வோல்ட் குறைந்தால் அவை அரைகுறையாக வேலை செய்யும். மாதக்கணக்கில் நின்ற காரில் தட்டலுக்கு இதுவே காரணமாக இருப்பது சாதாரணம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் கம்ப்யூட்டர் கற்றுவைத்த அளவுகள் அழிந்து, கொஞ்ச தூரம் ஓடும்வரை கியர் முரட்டுத்தனமாக விழும். அதைப் புதுக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

எலி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் நிறுத்தி வைக்கும் காருக்கு இது தனித் தலைப்பாகவே வேண்டும். கியர்பாக்ஸ் மேலே போகும் வயர்க் கொத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பீடு சென்சாரின் மெல்லிய வயர் ஒன்று பாதி கடிபட்டிருந்தால் மேடு பள்ளத்தில் மட்டும் கோளாறு வரும், நல்ல ரோட்டில் வராது.

ஆயில். டிப்ஸ்டிக் உள்ள காராக இருந்தால் அளவு பார்க்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். ஹோண்டாவில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்திய 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரையும் ஒரு முறை போட்டு பார்க்கிங்குக்கு வந்து பார்க்க வேண்டும். முறையை மாற்றிச் செய்தால் தவறான அளவைப் பார்த்து அதிகமாக ஊற்றிவிடுவார்கள். ஆயில் அதிகமானால் உள்ளே நுரைத்து, குறைந்தபோது வரும் அதே வழுக்கலைக் கொடுக்கும்.

டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலை ஒரு வெள்ளைக் காகிதத்தில் சொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தெளிந்த சிவப்பாகப் பரந்து விரிந்தால் நல்லது. பழுப்பாக இருந்தும் பரவினால் ஆயில் பழசு, அவ்வளவுதான். நடுவில் கறுத்த வட்டமாக நின்று, ஓரத்தில் மட்டும் எண்ணெய் கசிந்து, முகர்ந்தால் தீய்ந்த வாடை வந்தால் அந்தக் கறுப்பு கிளட்ச் பிளேட்டின் பொடி. வெளிர் ரோஜா நிறத்தில் பால்போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விட்டு, கூலண்ட் கலந்துவிட்டது. அந்த நிமிடமே காரை நிறுத்துங்கள். கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் பொருளைத் தண்ணீர் உரித்துவிடும்.

ஸ்கேனர். கோளாறு வந்தால் காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் குறியீட்டைத்தான் கோடு என்கிறோம். காரில் செருகிப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவிகள் பல எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். பி0700 என்று வந்தால் அதன் பொருள், "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் வேறு கோடு இருக்கிறது, போய்ப் பார்" என்பதே. உள்ளே இருக்கும் கோடுதான் விஷயம்: பி0705 கியர் நிலை சுவிட்ச், பி0715 உள் வேக சென்சார், பி0720 வெளி வேக சென்சார், பி0741 கன்வெர்ட்டர் லாக்கப் (சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்), பி0750 முதல் ஷிஃப்ட் சாலினாய்டு. பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது.

கோடு இல்லாவிட்டாலும் ஓட்டிக்கொண்டே லைவ் டேட்டா பார்ப்பது மிகப் பெரிய உதவி. கம்ப்யூட்டர் எந்த கியரைக் கேட்கிறது, உள்ளே வரும் சுற்று எவ்வளவு, வெளியே போகும் சுற்று எவ்வளவு என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான்கு கியர் பெட்டிகளில் மூன்றாவது பெரும்பாலும் நேர் விகிதம், அதாவது இரண்டு சுற்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது கேட்கும்போது உள்ளே 2,400, வெளியே 2,000 என்றால் 400 சுற்று வழுக்குகிறது. இது பிளேட் அல்லது அழுத்தம். மாறாக, விகிதம் அப்படியே நிற்க, கம்ப்யூட்டரே மூன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுக்கொண்டிருந்தால் கியர்பாக்ஸ் குற்றமற்றது. த்ராட்டில் சென்சார், பிரேக் சுவிட்ச், கியர் நிலை சுவிட்ச் ஆகியவற்றைத் தேடுங்கள். மீட்டரில் டி எழுத்து மினுக்கினாலோ மறைந்து வந்தாலோ அந்த நிலை சுவிட்ச் மேல் முதல் சந்தேகம்.

ஓட்டிப் பார்த்தல். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்பினால் ஆயில் முழுச்சூட்டுக்கு வந்துவிடும். குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, சூடான பின் ஒரு தடவை கவனியுங்கள். குளிரில் மட்டும் தட்டிச் சூடானதும் சரியானால் பழைய ஆயில் அல்லது கெட்டியான சீல். சூடானதும் மட்டும் வழுக்கினால் அழுத்தக் கசிவு. ஆயில் நீர்த்ததும் தேய்ந்த வால்வு துளையில் கசியத் தொடங்கும். 60, 70 வேகத்தில் சீராகப் போகும்போது நடுக்கம் வந்தால், ஆக்சிலேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். லாக்கப் விலகி, நடுக்கம் அந்த நொடியே நின்றால் கன்வெர்ட்டர் லாக்கப்தான். நிற்காவிட்டால் பிளக், காயில் பக்கம் எஞ்சின் மிஸ்ஸிங் பாருங்கள்.

சமதளத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலிலிருந்து டிரைவ் போடுங்கள். அதிர்வு தெரிய 1.2 நொடிக்குள் ஆக வேண்டும், ரிவர்ஸுக்கு 1.5 நொடி. டொயோட்டா கையேடுகள் சொல்லும் அளவு இது, மற்ற கார்களுக்கும் நல்ல வழிகாட்டி. தாமதமில்லாமல் டொம்மென்று இடித்தால் எஞ்சின் மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாதம் நின்ற கார், முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சில நொடி தாமதித்தால் பயப்பட வேண்டாம். கன்வெர்ட்டரிலிருந்த ஆயில் கீழே தொட்டிக்கு வடிந்திருக்கும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் நிரம்பிவிடும்.

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

| | ஆயில் மாற்றம் | சென்சார், சாலினாய்டு, வால்வு பாடி | முழு ஓவர்ஹால் | பழைய கியர்பாக்ஸ் வாங்கி மாட்டல் |
|---|---|---|---|---|
| எந்தக் கோளாறுக்கு | பழைய ஆயில், லாக்கப் நடுக்கம், குளிரில் தட்டல் | தவறான உத்தரவு, அழுத்தக் கசிவு | பிளேட் தேய்வு, கூலண்ட் கலப்பு | பிளேட்டோடு கியர், பம்ப் உடைவும் |
| செலவின் அளவு | சில ஆயிரங்கள் | சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் | லட்சத்தை ஒட்டி அல்லது தாண்டி | ஓவர்ஹாலை விடக் குறைவு |
| நேரம் | ஒரு வாரத்துக்குள் மூன்று தடவை | ஒன்று முதல் பத்து நாள் | இரண்டு முதல் நான்கு வாரம் | பெட்டி கிடைத்தபின் மூன்று, நான்கு நாள் |
| எங்கே | உள்ளூர்ப் பட்டறை | வயரிங் உள்ளூரில். வால்வு பாடி மதுரை, திருச்சி | ஆட்டோமேட்டிக் தனிப்பட்டறை மட்டும் | அனுபவமுள்ள எந்தப் பட்டறையும் |
| மறைந்த செலவு | போலி ஆயில், தவறான வகை | மறுகற்பித்தல், மறைந்திருக்கும் தேய்வு | கன்வெர்ட்டர், கூலர், போக்குவரத்து | பொருந்தாமை, இரண்டாவது தடவை இறக்கும் கூலி |

## வழி 1: ஆயில் மாற்றம்

ஆயில் கறுக்காமல் பழுத்து மட்டும் இருந்தால் இதிலிருந்தே தொடங்குங்கள். ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பட்டறைச் சண்டை தீரும்: டிரெயின் பிளக்கைத் திறந்தால் எல்லா ஆயிலும் இறங்காது. கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாயிலும் இருப்பது அங்கேயே நிற்கும். மொத்தம் 6.5 லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒரு தடவை 2.6 லிட்டர் இறங்கினால், 40 சதவீதம் மட்டுமே புதுசு. சில நாள் ஓட்டி இரண்டாவது தடவை மாற்றினால் 64 சதவீதம், மூன்றாவதில் 78. எனவே மூன்று தடவைக்கு ஏறக்குறைய 8 லிட்டர் வேண்டும். "ஒரு தடவை மாத்திப் பாத்தேன், சரியாகலை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த 40 சதவீதத்தோடு நின்றவர்கள்.

இறங்கிய ஆயிலை அளவு போட்ட பாட்டிலில் பிடித்து, அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். டிரெயின் பிளக்கின் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசாக இருக்கட்டும். பிளக் முனையில் காந்தம் இருந்தால் அதைத் துடைப்பதற்கு முன் நீங்களே பாருங்கள். மை போன்ற சாம்பல் பசை சாதாரணத் தேய்வு. விரலில் குத்தும் சில்லு இருந்தால் வழி 1 முடிந்துவிட்டது, நேரே வழி 3-க்கோ 4-க்கோ போங்கள். தொட்டி கழற்றும் வசதியுள்ள கார்களில் வடிகட்டியையும் தொட்டி கேஸ்கட்டையும் முதல் தடவையே மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் வகையில் சமரசம் கூடாது. ஹோண்டாவின் பழைய இசட்-1 கேட்கும் பெட்டிக்கு இப்போது டிடபிள்யூ-1. அது சிவிடிக்கு ஆகாது. டொயோட்டாவில் டைப் டி-4 கேட்பதும் டபிள்யூஎஸ் கேட்பதும் வேறு வேறு. ஹூண்டாய் நான்கு கியருக்கு எஸ்பி-3, ஆறு கியருக்கு எஸ்பி-4. கடைக்காரர் "எல்லாத்துக்கும் போகும்" என்று நீட்டும் டின்னை வாங்காதீர்கள். ஆயிலின் உராய்வுக் குணம் மாறினால் தட்டல் குறைவதற்குப் பதில் கூடும்.

மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவும் முறையை, ஆயிலே மாற்றாமல் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் படிந்த மண்டி கிளம்பி வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் போய் அடைக்கும்.

மாற்றும் நாளில் இன்னொரு சின்ன வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவே நம் செம்மண் தூசி அப்பளமாகப் படிந்திருக்கும். இரண்டையும் விலக்கி, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கியர் ஆயிலும் அந்த ரேடியேட்டரில்தான் ஆறுகிறது. சித்திரை வெயிலில் திருவிழாக் கூட்டத்துக்குள் ஊர்ந்து போகும் காருக்கு, ஆயில் தீய்வதற்கு இந்தத் தூசியே போதும்.

இந்த வழி தோற்கும் இடம்: ஆயில் ஏற்கெனவே தீய்ந்த வாடை அடித்தால். தேய்ந்த பிளேட்டைப் புது ஆயில் வளர்க்காது. அந்த நிலையில் இதற்குச் செலவழிக்கும் காசு வீண்.

## வழி 2: சென்சார், சாலினாய்டு, வால்வு பாடி

அதிகம் பேர் தவறவிடும் வழி இது. அதிக லாபமும் இதில்தான்.

சென்சாரும் நிலை சுவிட்சும் வெளியிலிருந்தே கழற்றலாம். நிலை சுவிட்சைக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது நியூட்ரல் குறியைச் சரியாகப் பொருத்த வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் டிரைவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கம்ப்யூட்டர் குழம்பும்.

சாலினாய்டைச் சோதிக்க மல்ட்டிமீட்டர் போதும், அதுவும் பல கார்களில் வெளி இணைப்பான் வழியாகவே. திறந்து மூடும் வகைச் சாலினாய்டு டொயோட்டாவில் 11 முதல் 15 ஓம், ஹோண்டாவில் 12 முதல் 25 ஓம் காட்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை இதைவிடக் குறைவாக, டொயோட்டாவில் 5 ஓம் ஒட்டியும் ஹோண்டாவில் 3 முதல் 10 வரையும் இருக்கும். குளிரில் சரியாகக் காட்டிச் சூட்டில் அறுந்துபோகும் சாலினாய்டு உண்டு. ஆகவே ஓட்டி வந்த கையோடு இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். ஓம் சரியாக இருந்தும் உள்ளே முள் ஒட்டிக்கொள்ளலாம். 12 வோல்ட் கொடுத்தால் டிக்கென்று கேட்க வேண்டும். அழுத்த வகைக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடும். தொடரில் ஒரு பல்பை வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

வால்வு பாடியைத் திறப்பது வேறு விஷயம். உள்ளே அலுமினியத் துளைகளில் நழுவும் சிறு வால்வுகள், ஸ்பிரிங்குகள், மிளகளவு உருண்டைகள். இரண்டு பாதியைப் பிரிக்கும்போது உருண்டை எந்தக் குழியில் இருந்தது என்று படம் எடுக்காமல் கவிழ்த்துவிட்டால், ஒரு கியர் வராமலே போகும். வேட்டித் துணியால் துடைத்தால் பஞ்சு இழை ஒன்று வால்வில் சிக்கும். மேல்கூரை இல்லாத இடத்தில், செம்மண் காற்றில், இந்த வேலை நடக்கவே கூடாது. நல்ல பட்டறை என்றால் தனி மேசை, கம்ப்ரஸர் காற்று, டார்க் ரென்ச் இருக்கும். போல்ட்டுகள் சின்னவை, பெரும்பாலும் 10, 11 நியூட்டன் மீட்டருக்குள். இறுக்கி விட்டால் உடல் வளைந்து வால்வு பிடிக்கும்.

வால்வு துளையே தேய்ந்திருந்தால் கழுவிப் பயனில்லை. வால்வு பாடியை மாற்ற வேண்டும். சூடானபின் மட்டும் வழுக்கும் காரில் இதை எதிர்பாருங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரில் பழைய கற்றல் அளவுகளை அழித்து, மறுகற்பித்தல் ஓட்டம் செய்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் புது சாலினாய்டுக்குப் பழைய சாலினாய்டின் அழுத்தத்தையே கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

யாருக்கு ஏற்றது: ஆயில் சுத்தம், கோடு தெளிவு, வழுக்கல் ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும். அதிகம் ஓடாமல் நின்று கெட்ட கார்களில் பிளேட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இந்த வழியில் அவை திரும்பவும் ஓடும்.

## வழி 3: முழு ஓவர்ஹால்

ஆயிலில் பிளேட் பொடி, பல கியர்களில் வழுக்கல், அல்லது கூலண்ட் கலப்பு. இவற்றில் ஒன்று உறுதியானால் இதுதான். விலை கேட்கும்போது "ஓவர்ஹால் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். கீழே இருப்பவை அந்த விலைக்குள் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: எல்லா உராய்வு பிளேட்டும், இரும்பு பிளேட்டும், சீல், ஓ-ரிங், கேஸ்கட் செட், வடிகட்டி, பம்ப் சோதனை, புஷ், டிரைவ் ஷாஃப்ட் சீல், கன்வெர்ட்டர், கூலர் கழுவுதல், ஆயில்.

கடைசி மூன்றில்தான் ஏமாற்றம் வரும். கன்வெர்ட்டர் வெல்டிங் செய்து மூடிய பாத்திரம். உள்ளே நிற்கும் பொடியைக் கவிழ்த்து வடித்து முழுக்க வெளியேற்ற முடியாது. பழைய கன்வெர்ட்டரையே மாட்டினால் அந்தப் பொடி முதல் நாளே புதுப் பெட்டிக்குள் வந்துவிடும். லேத்தில் அறுத்து, உள் கிளட்ச் மாற்றி, மறுபடி வெல்டு செய்து பேலன்ஸ் பார்த்ததோ, புதிதோ வேண்டும். கூலண்ட் கலந்த காரில் ரேடியேட்டரையும் மாற்றியே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி அதே கதை.

பெட்டியை ஏற்றும்போது கன்வெர்ட்டர் பம்ப்பின் பல்லில் முழுதாக உட்கார வேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும். முழுதாக இறங்கும் முன் போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் அங்கேயே உடையும். எஞ்சினோடு சேர்க்கும் முன் கன்வெர்ட்டருக்கும் பெட்டி முகப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய பிளேட்டுகளை ஒரு பையில் திருப்பிக் கேளுங்கள். உத்தரவாதத்தைப் பில்லில் மாதமும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வாங்குங்கள்.

தினமும் ஓடும், உடலும் எஞ்சினும் நன்றாக உள்ள, இன்னும் ஐந்து வருடமாவது வைத்துக்கொள்ளப் போகும் காருக்கு இது நியாயமான செலவு. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வழி 4: பழைய கியர்பாக்ஸ்

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் விபத்துக் கார்களிலிருந்து கழற்றிய பெட்டிகள் கிடைக்கும். மலிவு, விரைவு. ஆனால் ஒரே கார், ஒரே எஞ்சின் என்பது போதாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் அல்லது பொறித்திருக்கும் குறியீட்டு எண் உங்கள் காருடையதோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளே கியர் விகிதம் மாறினால் கம்ப்யூட்டர் பி0730 போட்டுக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரோடு வாங்குங்கள்.

கடையில் வைத்தே ஆயில் திறப்பில் விரல் விட்டு முகர்ந்து பாருங்கள். தொட்டி கழற்றலாம் என்றால் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் முன்சீல் (கன்வெர்ட்டர் நுழையும் இடத்தில் ஆயிலைத் தடுப்பது), டிரைவ் ஷாஃப்ட் சீல், வடிகட்டி மூன்றையும் மாற்றிவிடுங்கள். மாட்டிய பிறகு முன்சீல் கசிந்தால் முழுப் பெட்டியையும் மறுபடி இறக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின், சேசிஸ் எண்கள் மட்டுமே இருப்பதால் கியர்பாக்ஸ் மாற்றத்துக்குப் பதிவு வேண்டியதில்லை. இருந்தாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் தொல்லை உங்களுக்கு.

கியர் பல்லோ பம்ப்போ உடைந்து, ஓவர்ஹாலுக்கான பாகங்கள் கிடைக்காத மாடல்களில் இதுவே ஒரே வழி. ஆளும் இடமும் தெரிந்த கடையாக இருக்க வேண்டும். மாட்டி ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாக எழுத்தில் இருக்க வேண்டும்.

## விற்பது

சோதனைகளின் முடிவோடு விற்றால் விலை கிடைக்கும். "கியர்பாக்ஸ் ஏதோ தகராறு" என்று விற்கும் காரை, ஓவர்ஹால் செலவு முழுவதையும் கழித்துத்தான் கேட்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சாலினாய்டு ஒன்று என்று இருந்தால் அந்தச் சாலினாய்டை மாற்றிவிட்டு விற்பது எப்போதும் லாபம். பிளேட் போய்விட்டது, 15 வருடம் நெருங்குகிறது, கார் ஊரில் சும்மா நிற்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால், ஒளிக்காமல் சொல்லி இருக்கிற நிலையிலேயே கொடுத்துவிடுங்கள்.

## மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோவது எப்படி

வழுக்கும் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக்கொண்டு 90 கிலோமீட்டர் போகாதீர்கள். வழி 2-ல் முடிய வேண்டிய வேலையை அந்த ஒரு பயணம் வழி 3 ஆக்கிவிடும். கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஆயில் இல்லாமல் தேயும். நியூட்ரலில் போட்டால் சரி என்பது தவறு. முழு வண்டியும் மேலே ஏறும் தட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். முன்சக்கர இழுவைக் காராக இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கலாம். இன்சூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவி சேர்த்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்று முன்பே பார்த்துவையுங்கள். பல பாலிசிகளில் அருகில் உள்ள பட்டறை வரைதான் இருக்கும்.

வேலை முடிந்து எடுக்கும் நாளில் காலையிலேயே போங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்கட்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள்: மெதுவாக ஒரு தடவை, பாதி ஆக்சிலேட்டரில் ஒரு தடவை, நின்று கிளம்பிப் பத்துத் தடவை, ரிவர்ஸில் ஏற்றம் ஒன்று. திரும்பி வந்து ஸ்கேனரில் கோடு ஏதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, காருக்கு அடியில் வெள்ளைச் சார்ட் அட்டையை விரித்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். சிவப்புச் சொட்டு ஒன்று விழுந்தாலும் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயில் அளவை மறுபடி பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.